உடுமலைப் பொடி

எலியின் பின்னங்கால் வீங்கவே இல்லை.

ஜெனிஷா அதை மறுபடியும் துணியில் சுற்றிப் பிடித்து, கணுவில் மையால் போட்டிருந்த கோடு வரைக்கும் அந்தக் காலைக் கண்ணாடிக் குழாயின் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தாள். தண்ணீர் ஏறிய அளவு ஊசிக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. எல்லா எலிகளுக்கும் ஒரே வீக்க ஊசிதான் போட்டிருந்தாள். மருந்து எதுவும் கொடுக்காத எலிகள் உப்பிச் சிவந்த காலைத் தரையில் ஊன்ற முடியாமல் தூக்கிக்கொண்டு கிடந்தன. அவள் தன் கையால் வடித்த சாற்றைக் குடித்தவற்றுக்கு வீக்கம் ஓரளவு வற்றியிருந்தது. இந்தக் கூண்டிலோ, அம்மா சாப்பிடும் பொடியைக் கரைத்துக் கொடுத்த எலிகள் ஒன்றுமே நடக்காததுபோலத் தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தன.

பீளமேட்டில் ஒரு தனியார் பார்மஸி கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. வாதநாராயணன் இலையின் சாறு வலிக்கும் வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் எவ்வளவு கேட்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. வலிக்கு, சூடான தட்டில் எலி காலை நக்காமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பாள். காய்ச்சலுக்கு, ஈஸ்ட் ஊசி போட்டு ஏற்றிய சூடு எப்போது இறங்குகிறது என்று பார்ப்பாள். எதில் பார்த்தாலும் அவளுடைய சாறு சுமாராகத்தான் வேலை செய்தது. பொய் என்று தள்ளவும் முடியாது, பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அதே இலையை ஒரு கடைக்காரர் இடித்துக் கொடுத்த பொடிதான் அம்மாவை எழுப்பி நடமாட விட்டது என்பது அவளுக்குத் தெரியும். அரைக்கும் பக்குவத்தில் ஏதோ இருக்க வேண்டும் என்று நினைத்து, முறைப்படி அனுமதி வாங்கி, அந்தப் பொடியையும் சோதனையில் சேர்த்திருந்தாள்.

அவளுடைய வழிகாட்டி கோவிந்தராஜுலு வந்து கூண்டின் முன்னால் குனிந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நல்லாயிருக்குல்ல சார்?" என்றாள் ஜெனிஷா. சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லாயிருக்குதும்மா. அதான் எனக்குப் பிடிக்கல." அவர் நிமிர்ந்தார். "ஒரே இலை. நீ வடிச்சா கால்வாசி வேலை செய்யுது. கடைக்காரர் இடிச்சா முழுசா வேலை செய்யுது. இதுல கொஞ்சம் மதன்குமார்கிட்டக் கொடுத்து, உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கச் சொல்லு."

மதன்குமார் பகுப்பாய்வுத் துறையில் இருந்தான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "உங்கம்மா பொடியா? எங்கம்மாவுக்கும் ஒரு பாக்கெட் சொல்லி வைங்க, முட்டி வலிங்கறாங்க" என்றான்.

அம்மா அற்புதத்துக்கு அந்த நோய் வந்தபோது ஜெனிஷா பி.பார்ம் முடித்திருந்தாள். மதுக்கரையில் பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளி விடுதியில் அம்மா சமையல்காரி. முதலில் காலை நேரத்தில் விரல்கள் மடங்க மறுத்தன. பிறகு மணிக்கட்டு, முட்டி, தோள். குழாயைத் திருக முடியவில்லை. முந்தானையைச் சொருக முடியவில்லை. லோடு ஆட்டோ ஓட்டும் அப்பா தேவதாஸ், வேலைக்குக் கிளம்பும் முன் மனைவிக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார்; சடை எப்போதும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. அம்மா பாதியில் விட்டுவிட்டாள்.

ஒரு துக்க வீட்டில்தான் யாரோ உடுமலைப்பேட்டை கோபாலசாமியின் மூலிகைக் கடையைப் பற்றிச் சொன்னார்கள். அப்பா போய்ப் பொடி வாங்கி வந்தார். காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, வெந்நீரில். ஒரு வாரத்துக்குள் அம்மா தானே தலை வாரிக்கொண்டாள். மாதம் முடியும் முன்னால் விடுதிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி தேய்க்கப் போய்விட்டாள். கோயில் முற்றத்தில் மாதா சிலை இருந்த கெபியில் ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒட்டிக் கிடந்த கன்னங்கள் உப்பின. "அற்புதத்துக்கு மொகம் நெலா மாதிரி ஆயிப்போச்சு" என்று தெருவே சொன்னது. ஜெனிஷா தன் ஆராய்ச்சிக்கு வாதநாராயணனை எடுத்துக்கொண்டதே அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

மதன்குமார் ஒரு மத்தியானம் அவளைத் தேடிக்கொண்டு விலங்குக் கூடத்துக்கே வந்தான். எப்போதும் உள்ளே வரமாட்டான். எலி நாற்றம் அவனுக்கு ஆகாது. அன்று மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை.

"உங்கம்மா இதை எத்தனை நாளாச் சாப்பிடறாங்க?"

"ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும். ஏன்?"

"டெக்ஸாமெத்தசோன் இருக்குது. தெரியாம விழுந்த அளவு இல்லீங்க. கலந்திருக்காங்க."

ஜெனிஷா கையுறையைக் கழற்றாமலேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டீராய்டு. இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு அவளே அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறாள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டும், முகம் நிலாபோல வட்டமாகும். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதில் கண்ணும் மூக்கும் வைத்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதே முகத்தின் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள்.

வீட்டில் அம்மா கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். விரல்கள் வேகமாகப் போயின. முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு கன்றல். கதவு நிலையில் இடித்துக்கொண்டது என்று போன வாரம் சொல்லியிருந்தாள்.

ஜெனிஷா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கிள்ளுவதை நிறுத்தவில்லை. கடைசிக் காயையும் கிள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்ப என்ற கை சரியானது எதுனாலங்கற?"

"அந்த இங்கிலீஷ் மருந்தாலதான்மா."

"எலையால இல்லையா?"

"எலைக்கும் கொஞ்சம் சத்து இருக்குது. ரொம்பக் கொஞ்சம்."

"மூலிகைன்னு சொல்லித்தானே கொடுத்தாரு அந்த மனுசன்." அம்மா எழுந்து அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்தாள். "இத மொதல்ல சாக்கடைல கொட்டறேன்."

ஜெனிஷா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்மா! அதத்தான் சொல்ல வந்தேன். திடீர்னு நிறுத்தவே கூடாது. இந்த மாதிரி மருந்து நம்ம உடம்புக்குள்ள தானா ஊறணும். வெளியில இருந்து கெடைக்குதேன்னு உடம்பு ஊறறத நிறுத்திப்போட்டிருக்கும். நீ சட்டுனு விட்டா ஒண்ணுமே இல்லாமப் போயிரும். உசுருக்கே ஆபத்து. டாக்டரப் பாத்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். அதுவரைக்கும் இதையே தின்னு."

"வெசம்ங்கற. தின்னுங்கற."

"ஆமாம்மா. அப்படித்தான்."

அம்மா டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, உலை வைக்கப் போனாள். வேறு யாருக்காவது இந்தப் பொடியை வாங்கிக் கொடுத்தாயா என்று ஜெனிஷா கேட்டிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவைத் தவிர அப்போது மனசில் யாருமே இல்லை.

அற்புதம் வாங்கிக் கொடுத்திருந்தாள். எட்டிமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கணவன் சின்னானோடு காவலுக்கு இருந்த கருப்பாத்தாள் அவளுடைய பழைய சிநேகிதி. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே தோட்டத்தில் களை வெட்டியவர்கள். அற்புதம் படித்த மகளைப் பெற்று, சமையல் வேலைக்கு வந்துவிட்டாள். கருப்பாத்தாள் குழந்தை இல்லாமல், தோப்புத் தோப்பாக மாறிக் கடைசியில் எட்டிமடைக்கு வந்து சேர்ந்தாள். முட்டி வலியால் அவள் குந்த முடியாமல் தவித்ததைப் பார்த்து, அற்புதம்தான் தனக்கு வாங்கும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அற்புதம் மதுக்கரை மார்க்கெட் பக்கம் போனபோது, கருப்பாத்தாள் ஈர்க்குமாறு விற்க வந்திருந்தாள்.

"அடி கருப்பா, அந்தப் பொடிய இனித் திங்காத. ஊட்டுக்குப் போனதும் கொட்டிப்போடு."

"ஏன், என்னாச்சு?"

"அதுல இங்கிலீசு மருந்து கலந்திருக்குதாம். எலும்பையெல்லாம் அரிச்சுப்போடுமாம். என்ற புள்ள மிசின்ல போட்டுப் பாத்துச் சொன்னா."

கருப்பாத்தாள் சிரித்தாள். "அதத் தின்னு போட்டுத்தானே நான் நடக்கறேன். நீ வுட்டுட்டியா?"

நீ தின்னாதே என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் இன்றைக்குக் காலையிலும் தின்றேன் என்று அற்புதம் எப்படிச் சொல்வாள்? மகள் சொன்ன ஆபத்து தன் உடம்புக்கு மட்டும் ஆனது, தனக்குத்தான் வியாதி பெரிது என்றுதான் அவள் புரிந்துவைத்திருந்தாள்.

"என்னைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறா" என்று மட்டும் சொன்னாள். "நீ விட்டுரு கண்ணு. சொன்னாக் கேளு. நான்தான் உனக்கு வாங்கிக் கொடுத்தேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"சரி, நீ சொன்னா சரிதான்" என்றாள் கருப்பாத்தாள்.

டாக்டர் உம்மல் குல்சும் அற்புதத்தின் கைகளை ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். பொடியை நிறுத்தி, அதற்குப் பதிலாக அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடவே மூட்டு நோய்க்கான வேறு மருந்து. "வலி திரும்ப வரும்மா, நான் பொய் சொல்லல. புது மருந்து வேலை செய்ய மாசக்கணக்காகும். பொறுத்துக்கணும்" என்றார். அற்புதம் தலையாட்டினாள்.

மறுநாள் ஜெனிஷா அப்பாவோடு லோடு ஆட்டோவிலேயே உடுமலைப்பேட்டைக்குப் போனாள். கோபாலசாமியின் கடை சந்தைக்குப் போகும் தெருவில் இருந்தது. வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். தாங்கித் தாங்கி நடக்கிறவர்கள், குச்சி ஊன்றுகிறவர்கள். அவள் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் அதிரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க அம்மிணி. எலைய நான்தான் பறிச்சு, காயவச்சு, இடிக்கறேன். அதுல பொய் இல்லீங்க. வலிக்குன்னு கோயமுத்தூர்ல இருந்து ஒரு வெள்ளப் பொடி வரும். அதக் கலந்தா சனங்களுக்குச் சீக்கிரம் கேக்குது. அது என்னன்னு நான் கேட்டதில்லீங்க."

"கேக்காம எப்படிங்க கொடுப்பீங்க?"

"நானே திங்கறனுங்களே." அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினார். "இந்த முட்டிக்கு ஆறேழு வருசமாத் திங்கறேன்."

அப்போதுதான் ஜெனிஷா அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். வட்டமான, செம்மை ஏறிய முகம். பிடரியில் சதை மேடு. கைகளில் அங்கங்கே ஊதாக் கன்றல்கள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். அவரிடமும் அம்மாவிடம் சொன்னதையே சொன்னாள்: சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். வெளியே வந்து, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மதன்குமாரின் அறிக்கையோடு புகார் அனுப்பினாள். ஆட்டோவில் திரும்பும்போது, பொள்ளாச்சி தாண்டியதும் அப்பா, "அந்தப் பொம்பளைங்க பாவம், கண்ணு" என்றார். வாசலில் காத்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த வாரக் கடைசியில், அவள் காய்ச்சல் சோதனையின் நடுவில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். வலி கொஞ்சம் தலைகாட்டுகிறது என்றாள். பிறகு போகிற போக்கில் சொன்னாள்.

"நம்ம கருப்பாத்தாளுக்கு முடியலையாமா. மூணு நாளா வாந்தியாம், எந்திரிச்சு நிக்க முடியலையாம். காய்ச்சலும் அடிக்குதாம். பக்கத்துல ஒரு டாக்டர்கிட்டக் குளுக்கோஸ் ஏத்திக் கூட்டியாந்திருக்காங்க. சாயங்காலமா ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

ஜெனிஷாவின் கையில் எலி இருந்தது. அதைக் கூண்டில் விட்டாள்.

"அம்மா, கருப்பாத்தா பெரியம்மாவும் அந்தப் பொடி தின்னாங்களா?"

அம்மா எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா!"

"தின்னுட்டிருந்தா. நான்தான் ஞாயித்துக்கெழம நிறுத்தச் சொல்லிப்போட்டேன்."

"ஒரேயடியாவா?"

"கொட்டிப்போடுன்னு சொன்னேன்." அம்மாவின் குரல் சிறுத்துப் போயிற்று. "ஏன் கண்ணு? சட்டுனு நிறுத்தறது எனக்குத்தானே ஆகாதுன்னே?"

ஜெனிஷா போனை வைத்துவிட்டுச் சின்னானின் எண்ணைத் தேடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும், ஸ்டீராய்டு தின்றவள் நிறுத்திவிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லச் சொல்ல வேண்டும், ஒரே ஒரு ஊசி போட்டால் போதும். இந்த வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே மறுபடி அழைத்தாள். இந்த முறை யாரோ எடுத்தார்கள். சின்னான் இல்லை.

"பெரியம்மாவ உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, போய் டாக்டர்கிட்ட..."

"ஆம்புலன்சுல ஏத்துனோமுங்க அம்மிணி" என்றது அந்தக் குரல். "வழியிலயே மூச்சு நின்னுபோச்சுங்க. திருப்பித் தோப்புக்கே கொண்டாந்துட்டோம்."

தோப்பில் தென்னை ஓலை வேய்ந்த சாளையின் முன்னால் கருப்பாத்தாளைக் கிடத்தியிருந்தார்கள். அற்புதம் கிட்டே போகவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பாரி வைத்த பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள், அவள் அசையவில்லை. ஜெனிஷா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், மகளைப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் தின்னுட்டே இருந்தேன். அவள மட்டும் வுடச் சொல்லிப்போட்டேன்."

"உனக்குத் தெரியாதும்மா. நான் சரியாச் சொல்லல."

"நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் பாதிய எனக்கு வச்சுட்டு மீதிய அவளுக்குச் சொன்னேன்."

அவள் அழவில்லை. எடுக்கும்வரை அங்கேயே இருந்தாள். எழுந்திருக்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது. அப்பாவும் ஜெனிஷாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள்.

பேச்சு சீக்கிரமே பரவியது. பொடி தின்றவரைக்கும் கருப்பாத்தாள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள், அற்புதம் பேச்சைக் கேட்டு நிறுத்தினாள், செத்தாள். ஊர் பார்த்தது இவ்வளவுதான். இதில் பொய் என்று எதைச் சொல்வது என்று ஜெனிஷாவுக்கே தெரியவில்லை. பங்குக் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர் அற்புதத்திடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவளும் விடுதி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மாத்திரையின் அளவு குறையக் குறைய விரல்கள் மறுபடி தடித்துக்கொண்டு வந்தன.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் சின்னான் வந்தார். வாசலிலேயே நின்றார். அப்பா, "உள்ள வாங்கண்ணா" என்று கூப்பிட்டும் வரவில்லை.

"புள்ளைகிட்ட ஒண்ணு கேக்கோணும். கேட்டுப்போட்டுப் போயிர்றேன்."

ஜெனிஷா வெளியே வந்தாள். பின்னால் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"அம்மிணி, நீங்க படிச்சவீங்க. நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. அவ அந்தப் பொடிய வுடாமத் தின்னுட்டே இருந்திருந்தா, இன்னைக்கு இருப்பாளுங்களா?"

அப்பா குறுக்கே வந்தார். "அண்ணா, அதையெல்லாம் இப்பப் பேசி..."

"இருங்கப்பா" என்றாள் ஜெனிஷா. எத்தனையோ மழுப்பல்கள் அவளுக்குத் தெரியும். வயசாச்சு, வேறு நோயும் இருந்திருக்கலாம், நேரம். அவர் கண்களைப் பார்த்தபோது அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"இருந்திருப்பாங்க பெரியப்பா. அந்தப் பொடி அவங்களக் கொஞ்சம் கொஞ்சமாக் கெடுத்திருக்கும். ஆனா இன்னைக்கு இருந்திருப்பாங்க."

சின்னான் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. தான் நினைத்தது சரிதான் என்று தெரிந்துகொண்டவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மடியை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை எடுத்து, வாசற்படியில் வைத்தார்.

"கொட்டச் சொன்னீங்களாமா. அவளுக்குக் கொட்ட மனசு வரல. வலி தாங்காம ராவெல்லாம் இதை எடுத்து எடுத்து மோந்து பாத்துட்டு வச்சிருவா. ஒரு கரண்டி தின்னாத்தான் என்ன புள்ளைன்னு நானும் சொன்னேன். அற்புதம் சொல்லியிருக்குது, திங்க மாட்டேன்னுட்டா."

கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அம்மா கீழே உட்கார்ந்திருந்தாள். வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். கருப்பாத்தாள் செத்ததிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சின்னான் அவளைப் பார்த்தார்.

"அழுவாத அம்மிணி. நல்லதுக்குத்தான சொன்னே" என்றார். திரும்பி நடந்தார். தெருமுனை வரைக்கும் அப்பா கூடவே போனார்.

அதிகாரிகள் வந்து கோபாலசாமியின் கடைக்குச் சீல் வைத்தார்கள். வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சில மாதங்களில் வேறொரு ஊரில், வேறொரு பெயரில், அதே மாதிரி ஒரு பொடி கிடைக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஜெனிஷா ஆராய்ச்சியை முடித்தாள். இலைச் சாறு வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் ஓரளவு குறைக்கிறது என்று எழுதினாள். பொடியைப் பற்றிய சோதனையையும் ஒரு தனி அத்தியாயமாகச் சேர்த்தாள். தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது என்று தேர்வாளர்கள் கேட்கக்கூடும் என்றார் கோவிந்தராஜுலு. "கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன் சார்" என்றாள். அவர் மறுக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் ஒருவரும் அந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பட்டம் கிடைத்த அன்று வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் கேட்டு, பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் பெண்களிடம் பேசினாள். இந்த மாதிரிப் பொடி தின்னாதீர்கள் என்றாள். தின்றுகொண்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள் என்பதை அதைவிடச் சத்தமாக, மூன்று விதமாக, எதிரில் இருந்தவர்கள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை சொன்னாள். யார் வந்தாலும் டாக்டர் உம்மல் குல்சுமிடம் தானே கூட்டிப்போகிறேன் என்றாள். அமைதியாகக் கேட்டார்கள். கலையும்போது, பின்வரிசையில் இருந்த ஒரு கட்டிட வேலைக்காரப் பெண் கேட்டாள்.

"சரிங்க. குனிஞ்சு கல்லுத் தூக்கோணும். இன்னைக்கு வலிக்கு என்ன பண்றதுங்க?"

டாக்டர் சொன்ன மாசக்கணக்கு ஜெனிஷாவின் நினைவுக்கு வந்தது. ஏதோ சொன்னாள். அந்தப் பெண் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அம்மாவும் அவளும் உக்கடம் பஸ் நிலையத்தில் பஸ் மாறினார்கள். கூட வருகிறேன் என்று சொன்ன பெண்களில் ஒருத்தி மட்டும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் டவுன் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அம்மா கைப்பிடிக் கம்பியைப் பற்றப் பார்த்தாள்; விரல்கள் மூடவில்லை. பின்னால் நின்றவர்கள், "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார்கள். ஜெனிஷா அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் படியில் ஏற்றினாள். ஒரு சிறுபிள்ளையின் கனம்தான் அந்த உடம்பில் மிச்சமிருந்தது.

சீட்டில் உட்கார்ந்ததும் அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்கட்டும்" என்றாள் அற்புதம்.